நாலரை

மாங்குளத்தில் பழைய அரிசி ஆலையை
உள்ளே முழுக்கக் கறுப்படித்து
சாப்பாட்டுக் கூடமாக்கியிருக்கிறான்
லியோனில் சமைத்துத் திரும்பிய அனோஜன்.
இரவுக்குப் பன்னிரண்டு பேர். பதினொரு தட்டு.
"மெனு இல்லை அண்ணை, நீங்களும் நடிக்கோணும்"
என்றான் பரிமாற வந்த டினுசன்,
போன வருசம் வரை பரந்தனில்
ரயர் மாற்றிக்கொண்டிருந்தவன்.

அலுவலகச் சீட்டிழுப்பில் விழுந்த பரிசு.
இல்லாவிட்டால்
குளத்து மட்டம் பார்க்கிறவன் சம்பளத்துக்கு
அந்த வாசல் விளக்கே பார்க்கக் கட்டாது.

முதல் தட்டில் ஒரு கூழாங்கல்.
தின்னக்கூடாது, மணக்க வேண்டும்.
மழைக்கு முந்தின மண்ணாம்.
வாகினி மணந்தாள்,
சுற்றிப் பார்த்தாள்,
கைப்பைக்குள் போட்டாள்.

பிறகு கண்ணாடிக் கூடு திறந்தது.
பாலை விறகின் புகை கிளம்பி
எனக்குத் தும்மல்.
புகை வடியமுன்
மேசைவிரிப்பில் ஒளியால் யானைகள் நடந்து வந்தன,
சோற்றுப் பருக்கையளவு குட்டியும் கூட.
எல்லோரும் "ஆ" என்றார்கள்.
மல்லாவி உரக்கடைச் சவரிமுத்தர் மட்டும்
துவாயைச் சுழற்றிக்கொண்டு எழும்பினார்:
"கலையுங்கோ! கலையுங்கோ!"
போன மாதம்தான் அவருக்கு
அறுபது வாழை போனது.

ஆறாவதோ ஏழாவதோ, கடல்.
விளைமீன் ஒரு விரலளவு, மேலே உப்பு நுரை.
ஆளுக்கொரு ஹெட்போன்.
கண்ணை மூடிச் சாப்பிடச் சொன்னார்கள்.
வலக்காதில் அலை,
இடக்காதில் மழை.

வாகினியின் வலக்காது
ஒரு வைகாசி மாதம் சாத்திக்கொண்டது.
ஏனென்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை,
கேட்டால் தன் கதையையும் சொல்ல வேண்டிவரும்.

"என்ன கேக்குது?"
"மழை" என்றாள், மென்றுகொண்டே.
"மழைக்க நிண்டு மீன் தின்னுறன்."

எனக்குத்தான் பொறுக்கவில்லை.
காசு கொடாத சாப்பாடென்றாலும்
பாதியை விட்டுவிட்டுப் போவதா?
அவளுடைய ஹெட்போனைக் கழற்றித்
திருப்பி மாட்டிவிட்டேன்,
அலை இடப்பக்கம் வரும்படி.

மெல்லுவது நின்றது.
மீன் வாய்க்குள்ளேயே இருந்தது.
அவளுடைய பெருவிரல்
விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து
சின்னதாக்கியது.
"மழையே போதும்" என்றாள்.

திருப்பி மாட்டினேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, கூட்டின் வார் முடியில் சிக்கியது.

அது மழையில்லை, உண்மையில்.
பதினைந்து வருசம் அதன் பக்கத்தில் நிற்கிறேன்.
மார்கழியில் குளம் வான் பாயும் சத்தம்;
கதவுக்குக் கீழே தண்ணீர் விழுந்து
கொங்கிறீற்றில் உடைகிற அந்த முரட்டுக் குரல்
எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?
சொல்லவில்லை.

கடைசியில் ஒரு அட்டை தந்தார்கள்:
எத்தனை புலன்களால் உண்டீர்கள்?
வாகினி எழுதினாள்: நாலரை.
டினுசன் முகம் வாடிவிட்டது.
"எது அக்கா குறைஞ்சது?"
"உப்பு" என்றாள்.

முறிகண்டியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம்.
பிள்ளையாருக்குக் கற்பூரம்,
எங்களுக்கு இருநூறு ரூபாய்க்குக் கச்சான்.
பதினொரு தட்டுக்குப் பிறகும் பசித்தது.
அவள் கோதை இடக்காதுக்குக் கிட்டப் பிடித்து
உடைத்து உடைத்துத் தந்தாள்.
ஒரு பஸ் போனது. மற்றபடி வீதி இருட்டு.

காலையில் மட்டம் பதினெட்டு அடி.
ஆவணி. வானத்தில் ஒன்றுமில்லை.
வீட்டில் அந்தக் கூழாங்கல்
மின்சாரப் பில்லுக்கு மேல் இருக்கிறது,
மணம் போய்விட்டது,
பில் பறக்கவில்லை.